ஓய்வுக் கடிதம் எழுதிவிட்டேன், தேதி போடவில்லை: பணி நேரத்தை மாற்றிக் கொடுத்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா?

பேரேடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வயது 58. முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. விதிப்படி இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி. விருப்ப ஓய்வுக் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்துப் பதினோரு நாட்கள் ஆகின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

வேலை வெறுத்துப்போய் எழுதிய கடிதம் இல்லை இது. மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும்போது இரண்டு பக்கமும் நேராகிற அந்த நிமிடம் எனக்கு இன்றும் பிடிக்கும். சிக்கல் கண்ணில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை ஓர் எண்கூடத் தப்பாது. மாலை நான்கு மணிக்கு மேல் திரையில் 3 எது, 8 எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் காட்டினேன். கண் உலர்ந்துபோகிறது, வயதானால் வருவதுதான், மாலையில் ஓய்வு கொடுங்கள் என்றார்.

இரண்டு ஆண்டுகளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நான்கு மணிக்குப் பிறகு பதிகிற ஒவ்வொரு வரிக்கும் அச்சுப் பிரதியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மறுநாள் காலை புள்ளி வைத்த வரிகளை மட்டும் மறுபடி சரிபார்ப்பேன். சென்ற மாதம் நான்கு தவறுகள் பிடித்தேன். நான்கும் புள்ளி வைத்த வரிகள்தான்.

ஒன்பதரை முதல் ஆறு வரை என்பதை ஏழரை முதல் நான்கு வரை என்று மாற்றிக் கொடுங்கள், ஒரு நிமிடமும் குறைய வேண்டாம் என்று கேட்டேன். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்று பதில் வந்தது. அன்று இரவுதான் கடிதம் எழுதினேன்.

முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களிடம் கேட்கிறேன். நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் இருந்திருப்பீர்களா? இல்லை, அது சும்மா மனதைத் தேற்றிக்கொள்ளும் எண்ணமா?

---

முன்வாசல்

இருந்திருப்பேன். யோசிக்காமல் சொல்கிறேன்.

செவிலியராக இருபத்தெட்டு ஆண்டுகள். 56 வயதில் வெளியே வந்தேன், நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பகல் பணி எனக்கு ஒரு சுமையாகவே இருந்ததில்லை. இரவுப் பணிதான் உடம்பைத் தின்றது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு வாரம் இரவு பார்த்தால் தூக்கம் பழையபடி திரும்ப இன்னொரு வாரம் ஆனது. அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். இரவிலிருந்து மட்டும் விடுவியுங்கள், ஞாயிறும் பண்டிகை நாட்களும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது என்றார்கள்.

கடைசி நாள் மருந்து அலமாரியின் சாவிக் கொத்தை அடுத்தவரிடம் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குப் பணியில் சேர்ந்து ஏழு மாதம். எந்தச் சாவி சற்றுத் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும் என்று காட்டிவிட்டு வந்தேன். வாசலைத் தாண்டும்போது, இன்னும் எவ்வளவோ காட்டியிருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

ஓராண்டு கழித்துத் திரும்பப் போய்க் கேட்டேன். புதிய நியமனம்தான், அடிப்படை ஊதியம்தான், இரவுப் பணியும் உண்டு என்றார்கள். வந்துவிட்டேன். பேரேடு, வெளியே வந்த கதவு உள்ளே போகத் திறக்காது. அதை மட்டும் மனதில் வையுங்கள்.

---

எண்சுவடி

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தக் கடிதம் இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

//அது சும்மா மனதைத் தேற்றிக்கொள்ளும் எண்ணமா?//

இல்லை. இதைக் கேட்டே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வயது முதிர்ந்தவர்களிடம் கற்பனையான வேலை வாய்ப்புகளை விவரித்து, இப்படி இருந்தால் சேர்வீர்களா, அப்படி இருந்தால் சேர்வீர்களா என்று பொருளாதார ஆய்வாளர்கள் கேட்ட ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர்களில்கூடப் பலர் வேலைக்குத் திரும்பத் தயாராக இருந்தார்கள். நேரத்தைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்றபோது அந்த விருப்பம் இன்னும் கூடியது. இவர்களைத் தடுத்தது சோம்பல் இல்லை. ஏற்கத்தக்க வேலை கிடைக்காது என்ற எண்ணம்தான் பலரைத் தடுத்தது. முன்வாசல் அம்மாவுக்கு நடந்ததும் அதுதானே?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஒன்பது நாடுகளில் படிப்படியான ஓய்வுக்கு வழிசெய்த சட்டத் திருத்தங்களை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. வேலையில் நீடிப்பவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால், எப்படியும் முழு நேரம் பார்த்திருக்கக்கூடிய சிலரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்த வேலை நேரத்தைக் கூட்டினால் பெரிய லாபம் இல்லை. ஆகவே நெகிழ்வான நேரம் என்றதுமே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கோரிக்கை இந்த வகையிலேயே சேராது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, நகர்த்தச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஓய்வூதியத்தையோ பணிக்கொடையையோ கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் இடங்களில், கடைசி இரண்டு ஆண்டு பகுதி நேரத்துக்கு மாறினால் முப்பது ஆண்டு உழைப்பின் மதிப்பும் சேர்ந்து இறங்கக்கூடும். ஒருவரின் கடைசிச் சம்பளம் 100 என்று வையுங்கள். ஓய்வூதியம் அதில் பாதி, அதாவது 50. பாதி நேரத்துக்கு மாறுகிறார், சம்பளம் 50 ஆகிறது. விதியில் அதற்கெனத் தனிப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஓய்வூதியம் 25. அதுவும் வாழ்நாள் முழுதும். இரண்டு ஆண்டு சௌகரியத்துக்கு இருபது ஆண்டு விலை. பலர் பகுதி நேரத்துக்குப் போகாமல் நேராக விலகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

சங்கநாதம்

தொழிற்சங்கத்தில் பல ஆண்டுகள் இருந்தவன், வயது 64. என் அனுபவத்தில் "நெகிழ்வு" என்ற சொல்லை முதலாளி எடுத்தால் ஒரு பொருள், தொழிலாளி எடுத்தால் வேறு பொருள். யார் பக்கம் வளைகிறது என்று முதலில் பாருங்கள்.

ஜெர்மனியில் 1996-ல் வயது முதிர்ந்தோருக்கான பகுதி நேரச் சட்டம் வந்தது. 55 வயதானவர்கள் வேலை நேரத்தைப் பாதியாக்கி, மெல்ல மெல்ல ஓய்வுக்குப் போகலாம் என்பது நோக்கம். நடந்தது என்ன? பெரும்பாலானவர்கள் சட்டத்திலேயே இருந்த இன்னொரு வழியை எடுத்தார்கள்: காலத்தின் முதல் பாதியில் முழு நேர வேலை, இரண்டாம் பாதியில் முழு விடுப்பு. பெயர்தான் பகுதி நேரம். உண்மையில் அது முன்கூட்டிய ஓய்வு. ஆட்குறைப்புக்கு நிறுவனங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அரசு கொடுத்த மானியமும் 2009 முடிவோடு புதியவர்களுக்கு நின்றுவிட்டது.

ஜப்பானைப் பாருங்கள். 2013 முதல், விரும்புகிறவர்களுக்கு 65 வயது வரை ஏதாவது ஒரு வடிவில் வேலை கொடுக்க நிறுவனங்கள் கடமைப்பட்டவை. 2021 முதல் 70 வரை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் 60-ல் ஓய்வு கொடுத்து, மறுநாளே குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்கின்றன. அதே லாரியை ஓட்டிக் குறைந்த கூலி வாங்கிய ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குப் பின் எடுக்கப்பட்டவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளலாம் என்று சொல்லி, குறைப்பின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. விடுப்பு எடுக்காமல் வருபவர்களுக்கான ஊக்கத்தொகையை மறுத்தது மட்டும் நியாயமில்லை என்றது.

பேரேடு, நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் வாய்மொழியாகக் கேட்டதை வாய்மொழியாகவே கொடுத்தால் வாங்காதீர்கள்.

---

கடைசல்

சங்கநாதம் அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மற்ற பாதிக்கு என் கை பதில் சொல்லும்.

கடைசல் எந்திரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள். கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது. வருகைப் பதிவு எந்திரம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அதன் முன் நிற்கிறேன். முதல் தடவை சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தால் மறுபடி சிவப்பு. உள்ளங்கையில் ஊதி ஈரமாக்கி வைத்தால் நான்காவது, ஐந்தாவது தடவையில் பச்சை. அதற்குள் மூன்று நிமிடம் தாமதம் என்று பதிவாகிவிடும். பின்னால் வரிசையில் இளைஞர்கள் பொறுமையாக நிற்கிறார்கள், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கும்போதுதான், போய்விடலாம் என்று தோன்றுகிறது.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் மனிதனை வெளியே தள்ளுகின்றன. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் பி.எம்.டபிள்யூ ஆலை 2007-ல் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். பத்து ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, அதே சராசரி வயதில் ஓர் உற்பத்தி வரிசையை அமைத்தார்கள். என்ன வேண்டும் என்று தொழிலாளர்களிடமே கேட்டார்கள். மரத் தளம், உட்கார்ந்து செய்ய நாற்காலி, பூதக்கண்ணாடி, ஒரே உறுப்புக்குச் சுமை சேராமல் இடையிடையே பணி மாற்றம் என்று சுமார் 70 சிறிய மாற்றங்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

கேட்டார்கள் பாருங்கள். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

---

நடுவரிசை

நான் அந்தப் பக்கத்து ஆள். வயது 41, பதினெட்டுப் பேரின் நேரப் பட்டியல் என் கையில் இருக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்ற வரியை நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்போது பயம். மேலே கேட்டால் காட்ட என்னிடம் ஒரு விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் மேலாளருக்கு "முடியாது" என்பதே பாதுகாப்பான பதில். பிரிட்டனில் இதற்கென்று சட்டம் வைத்தார்கள். 2003-ல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு, நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை. 2014-ல் 26 வாரம் பணி முடித்த எல்லா ஊழியருக்கும். 2024 ஏப்ரல் முதல் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. கேட்டது கிடைத்தே தீரும் என்பதில்லை. ஆனால் மறுத்தால் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "எல்லாரும் கேட்பார்கள்" என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

இன்னொன்று. 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டிய ஒரு விஷயம் என் அலுவலகத்தில் அப்படியே தெரிகிறது. சில வேலைகளில் எந்நேரமும் கிடைப்பவருக்கு மணிக்கணக்கையும் மிஞ்சிய ஊதியம் போகிறது. ஒருவர் இல்லாதபோது அவர் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிகிற வேலைகளில் அந்த இடைவெளி குறைகிறது. அவர் பேசியது பெரும்பாலும் பெண்களின் ஊதியத்தைப் பற்றி. ஆனால் முதியவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆகவே, பேரேடு அம்மா (ஐயாவாக இருந்தால் மன்னிக்கவும்), உங்கள் மேலாளரின் உண்மையான கேள்வி இதுவாக இருக்கும்: மாலை ஐந்து மணிக்கு ஒருவர் கணக்குக் கேட்டு வந்தால் யார் எடுத்துக் கொடுப்பது? அதற்குப் பதிலோடு போங்கள். மூன்று மாதம் சோதனையாகப் பார்க்கலாம் என்று கேளுங்கள். நிரந்தரமாகக் கேட்டால் நாங்கள் பயப்படுவோம்.

---

புதுவரவு

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. பெரியவர்கள் இப்படி இருந்துகொண்டே போனால் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் எப்போது வரும்? படித்து முடித்து இரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.

---

எண்சுவடி

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஒரே அலுவலகத்தில், ஒரே நாற்காலியில், நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நாடு முழுவதையும் எடுத்தால் அப்படி இல்லை. 12 நாடுகளின் தரவுகளை வைத்து 2010-ல் வந்த ஒப்பாய்வுத் தொகுப்பு, முதியவர்களை முன்கூட்டி வெளியே அனுப்பியதால் இளைஞர்களுக்கு வேலை கூடியதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது. வேலை என்பது அளந்து வைத்த சோறு போல ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு மிஞ்சுவது இல்லை. சம்பளம் வாங்குகிறவர் செலவு செய்கிறார், அந்தச் செலவு இன்னொருவருக்கு வேலையாகிறது.

---

முன்வாசல்

புதுவரவு, நான் விலகிய இடத்தில் நான்கு மாதம் யாரையும் போடவில்லை. இருந்தவர்கள் தலையில் என் இரவுகளையும் ஏற்றினார்கள். உங்களுக்கு என்று அந்த இடம் திறக்கவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

நடுவரிசைக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1985-ல் தொடங்கி லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வை எங்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தன் வேலையின் மீது பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. வேலையின் அளவு ஒன்று, அதை எப்போது, எப்படிச் செய்வது என்ற முடிவு நம் கையில் இருப்பது வேறொன்று. இரவுப் பணியை நானே தேர்ந்தெடுத்து மாதம் நான்கு நாள் என்று சொல்லியிருந்தால் இன்றும் அங்கேதான் இருந்திருப்பேன்.

---

பேரேடு

அம்மாதான், நடுவரிசை.

எல்லாப் பதில்களையும் இரண்டு முறை படித்தேன். கடைசல் அண்ணா, உங்கள் கட்டைவிரலைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் படிக்க முடியவில்லை. அட்டையோ கடவுச்சொல்லோ வைத்துப் பதியும் வழி அந்த எந்திரத்திலேயே இருக்கக்கூடும். எழுத்தில் கேட்டுப் பாருங்கள், மூன்று நிமிடத் தாமதம் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்ற கணக்கோடு.

நான் செய்தது இது. சென்ற ஆறு மாத அச்சுப் பிரதிகளை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி இல்லை என்பதால், உணவு இடைவேளையில் அலுவலகத்திலேயே உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 19 தவறுகள், எல்லாம் நானே மறுநாள் திருத்தியவை. நான்கு மணிக்கு முன் பதிந்தவை 2. பின் பதிந்தவை 17. என் தவறுகளை நானே எழுதிக் கொடுப்பதா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். வயதாகிவிட்டது, போகட்டும் என்று அதையே காரணம் காட்டிவிட்டால்? கடைசியில், உள்ளதை மறைத்து வாங்குகிற சலுகை நிற்காது என்று தோன்றியது. எழுதினேன்.

மாலை நான்கு முதல் ஆறு வரை என் இடத்தில் நிற்க, பிரிவில் இருக்கும் இளைஞர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவருக்குக் காலையில் குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும், பத்து மணிக்கு வந்தால் போதும் என்றால் நிம்மதி. அவர் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெயர்களும் ஒரே கடிதத்தில் போயின.

---

சங்கநாதம்

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. இருவராகக் கேட்டது இன்னும் நல்லது.

பதில் வரும்போது மூன்று வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். முழு நேரப் பணியாகவே இது கருதப்படும் என்று ஒன்று. பணித் தொடர்ச்சிக்கும் ஓய்வுப் பலன்களுக்கும் எந்தக் குறைவும் இல்லை என்று ஒன்று. சோதனைக் காலம் முடிந்து வேண்டாம் என்றால் பழைய நேரத்துக்கே திரும்பலாம், வேறு பதவிக்கு மாற்ற மாட்டோம் என்று ஒன்று. கடைசி வரியைத்தான் விட்டுவிடுவார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980-லேயே முதிய தொழிலாளர்களுக்கென 162-ஆம் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஓய்வு விருப்பத்தின் பேரில், படிப்படியாக அமைய வேண்டும் என்கிறது. பரிந்துரை என்பதால் யாரையும் கட்டாது. ஆனாலும் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

---

பேரேடு

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டுத் தனிமடல் அனுப்பியவர்களுக்கு நன்றி.

மூன்று மாதச் சோதனைக்கு எழுத்தில் அனுமதி வந்தது. சங்கநாதம் ஐயா சொன்ன முதல் இரண்டு வரிகளும் இருந்தன, மூன்றாவது இல்லை. திரும்ப எழுதிக் கேட்டு, ஒன்பது நாள் கழித்து அதையும் வாங்கினேன். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: மாதத்தின் கடைசி மூன்று நாட்கள் மட்டும் எல்லாரையும் போல ஒன்பதரை முதல் ஆறு வரை.

முதல் மாதம் முடிந்தது. மறுநாள் சரிபார்த்ததில் இரண்டே தவறுகள். ஒன்று 29-ஆம் தேதி மாலை, மற்றது 30-ஆம் தேதி மாலை. இரண்டு தாள்களையும் தனியாக எடுத்து, விருப்ப ஓய்வுக் கடிதம் இருந்த அதே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் மாதம் முடிந்து பேச உட்காரும்போது அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் முதலில் கேட்கப்போகிறேன்.

முன்வாசல் அம்மா, நீங்கள் வேலை பார்த்த இடத்தில் இப்போது இரவுப் பட்டியல் போடுகிறவர் யார் என்று விசாரித்தீர்களா?

---

முன்வாசல்

விசாரித்தேன். சாவி வாங்கிக்கொண்ட அந்தப் பெண்தான். அவளுக்கு நாளை கடிதம் எழுதுகிறேன்.